பால் என்று நான் குறித்த நாட்கள்

பிப்ரவரி 3

வால்பாறை வந்து சேர்ந்தேன். பொள்ளாச்சியிலிருந்து வரும் வளைவுகளில் இரண்டு முறை வாந்தி. எஸ்டேட்டின் பழைய குவார்ட்டர்ஸில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். சாவியோடு ஸ்டெல்லா காத்திருந்தார். முன்பு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், பதினொரு வருடமாக எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தில் குரங்கு பார்க்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவேன் என்கிறார். நான் ஸ்டெல்லாக்கா என்கிறேன். சரிக்குச் சரி.

பெட்டியை இறக்கும்போதே குழந்தையைப் பற்றிக் கேட்டார். பெயர் நித்திலா, வருகிற பதினொன்றாம் தேதி ஆறு மாதம் முடிகிறது, திண்டுக்கல்லில் என் கணவர் கனகசபையோடும் அவருடைய அக்காவான அண்ணியோடும் இருக்கிறாள் என்றேன். பால் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தானாக நின்றுவிட்டது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிப்ரவரி 4

மந்திக் கூட்டம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சோலையில். மொத்தம் நாற்பத்தொன்று. சோலைமந்திகளைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, எப்போதும் யார்மீதோ வருத்தம் இருப்பது போன்ற முகம்.

என் வேலை தாய்களும் குட்டிகளும். எத்தனை மாதம் பால் கொடுக்கிறது, எப்போது தள்ளிவிட ஆரம்பிக்கிறது, சீக்கிரமே தள்ளிவிடப்பட்ட குட்டி எப்படி வளர்கிறது. குட்டி வைத்திருக்கும் தாய்கள் ஏழு. ஒவ்வொரு குட்டியையும் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கைக்கடிகாரம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும். அந்த நொடியில் குட்டி என்ன செய்கிறதோ அதற்கு ஒரு எழுத்து. பால் குடித்தால் பா, தின்றால் தி, விளையாடினால் வி, அழுதால் அ, எதுவும் இல்லையென்றால் வெறும் கோடு.

இந்த ஆராய்ச்சித் தலைப்பை என் பேராசிரியர் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போட்டுவிட்டார். இப்போது அதைச் சொன்னால் சிலர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 6

குழாயில் தண்ணீர் இல்லை. துணி துவைக்கவில்லை.

பிப்ரவரி 9

ஏழு தாய்களில் ஒருத்தியைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. வால் நுனி வளைந்திருப்பதால் கோணவால் என்று பெயர். ஆண் குட்டி, செப்டம்பர் கடைசியில் பிறந்தது. குட்டிகளுக்கு ஒரு வயது ஆகும்வரை இங்கே பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்த பிறகு இல்லாமல் போனால் ஏட்டில் அடிக்கும்போது கை வருவதில்லை என்று ஸ்டெல்லாக்கா காரணம் சொன்னார். அதனால் அது வெறும் கோணவால் குட்டி.

டிசம்பரில் கூட்டத்துக்குள் ஒரு புதிய ஆண் வந்து பழையதை விரட்டிவிட்டது. கோணவால் அதன் பின்னாலேயே அலைகிறாள். இன்னும் ஐந்து மாதம் முடியாத குட்டியை இப்போதே கையால் தள்ளுகிறாள். மற்ற தாய்கள் ஒரு வயது வரை கொடுப்பார்கள்.

இன்று குட்டி மார்புக்கு வந்தது. அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வந்தது. தலையைப் பிடித்து விலக்கினாள். குட்டி கிளையில் உட்கார்ந்து வாயை அகலத் திறந்து கத்தியது. பத்து நிமிடத்தில் அ பதினொன்று.

திரும்பி வந்து சட்டை மாற்ற வேண்டியிருந்தது. வியர்வை.

பிப்ரவரி 11

நித்திலாவுக்கு ஆறு மாதம். மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்று கனகசபையிடம் பேசினேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ராகிக் கூழ் ஆரம்பித்துவிட்டார்களாம். முதல் வாயைத் துப்பிவிட்டு இரண்டாவதை விழுங்கினாளாம். பாட்டிலுக்கு நன்றாகப் பழகிவிட்டாள், ராத்திரி எழுந்தால் அண்ணி தோளில் போட்டதும் தூங்கிவிடுகிறாள். வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டார். சிக்னல் போதாது என்றேன்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டு வைத்தேன். கேட்பது முறை.

"இப்பதான் பழகியிருக்கா தமயந்தி. நீ வந்துட்டு உடனே கிளம்பினா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு அக்கா சொல்லுது. ஏப்ரல்ல ஒரேயடியா வந்துடு" என்றார்.

சரி என்றேன். மேட்டிலிருந்து இறங்கும்போது லேசாக இருந்தது. இதை எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 17

கோணவால் குட்டி: பா 6, தி 3, அ 4. பரவாயில்லை. தாய் தள்ளினாலும் குட்டி விடுவதில்லை. ஒரு நாளில் எப்படியும் மூன்று நான்கு தடவை மார்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. விடாக்கண்டன்.

பேராசிரியர் வாராந்திரக் கணக்கைப் பார்த்துவிட்டு, நாம் நினைத்ததைவிட அதிகமாகப் பால் கிடைக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் சார், நல்ல தாய் என்றேன். தாள்களில் அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான்.

பிப்ரவரி 18

சாம்பார் வைத்தேன். உப்பு அதிகம். மூன்று வேளையும் அதையே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 21

பா 8.

பிப்ரவரி 24

பா 7. கூட்டம் சாலையைக் கடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. மந்திகளுக்காக மேலே கட்டியிருக்கும் தொங்கு பாலத்தில் கோணவால் முன்னால் போய்விட்டாள். குட்டி இந்தப் பக்கமே நின்று கத்தியது. ஒரு இளம் பெண் மந்தி திரும்பி வந்து வயிற்றில் ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு மூன்று வயது இருக்கும். கீழே நின்ற பேருந்தில் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

இன்றும் சட்டை.

மார்ச் 1

ஞாயிறு. ஸ்டெல்லாக்கா ஜெபம் முடிந்து தலை நிறையப் பூவோடு வந்தார். எனக்கும் ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்திருந்தார். வாசனை பட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன். தலைவலி, எனக்குப் பூ ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். அவர் பூவைத் தன் பையில் போட்டுக்கொண்டு, மீன் குழம்பை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

குழம்பு நன்றாக இருந்தது.

மார்ச் 4

மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை உண்டு. இருவர் ஒரே குட்டியை ஒரே பத்து நிமிடம் பார்க்க வேண்டும். தனித்தனியே உட்கார்ந்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுவோம். நூற்றுக்குத் தொண்ணூறு பொருந்தினால்தான் வேலை சரி. பிப்ரவரியில் செய்திருக்க வேண்டும், நான்தான் தள்ளிப்போட்டேன்.

கோணவால் குட்டியை எடுத்துக்கொண்டோம். பலாமரத்தடியில் நான், காப்பிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லாக்கா. முடிந்ததும் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மற்ற எழுத்தெல்லாம் பொருந்தியது. என் தாளில் பா ஒன்பது. அவர் தாளில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்பது இடத்திலும் வெறும் கோடு போட்டிருந்தார்.

கண்ணாடி மாற்ற வேண்டுமா அக்கா என்று கேட்டேன். சிரிக்கத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மேடம், அது காம்பைச் சும்மா வாயில வச்சிருக்கு. தொண்டையைப் பாருங்க, அசையவே இல்ல. அவகிட்ட பால் வத்திப் பல நாளாச்சு. மார்பு காஞ்சு போயிருக்கு பாருங்க."

தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். காய்ந்து சுருங்கித்தான் இருந்தது. ஒரு மாதமாக அந்த மார்பைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் பார்க்கும் குட்டியை அவர் பார்ப்பதில்லை, என் தாளை இன்றுதான் பார்க்கிறார். இதையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார். அது நியாயம்.

மார்ச் 5

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன்.

எடுத்து வைத்திருந்த வீடியோ எல்லாவற்றையும் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். தொண்டையை மட்டும் பார்த்தேன். பிப்ரவரி 5, 7, 9: விழுங்குகிறது. 12: இரண்டு முறை விழுங்குகிறது, அவ்வளவுதான். 14க்குப் பிறகு எதுவும் இல்லை. வாய் காம்பில் இருக்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறது, தொண்டை அசையவில்லை.

முலைக்காம்பை வாயில் வைப்பது வேறு, பால் குடிப்பது வேறு. முதல் வருட மாணவனுக்கு முதல் வாரம் சொல்லித்தருவது இது. பிப்ரவரி 14 முதல் நான் குறித்த பா மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் நான் ஊட்டிய பால்.

பேராசிரியருக்கு உண்மையை எழுதிவிட்டேன். அந்தத் தாள்களில் பால் வரிசையை முழுக்க அடித்துவிடச் சொன்னார். திட்டவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார்.

மார்ச் 6

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

பால் தானாக நிற்கவில்லை. ஜனவரியில் நானே கடைத்தெருவுக்குப் போய் மல்லிகை வாங்கி வந்தேன். மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வாடியதும் புதுப் பூ. பிறந்த குழந்தை தவறிப்போன வீடுகளில்தான் தாய்க்குப் பால் வற்ற இப்படிக் கட்டுவார்கள். ஒன்பது நாள் கட்டினேன். கனகசபைக்கு வாசனை தெரிந்தது. என்ன, இந்த வயதில் தினமும் பூ என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். குழந்தை பக்கத்து அறையில் பாட்டிலைத் துப்பித் துப்பி அழுதுகொண்டிருந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. குழந்தை சின்னது, ஜூன் வரை தள்ளிப்போடலாம், ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்று பேராசிரியர் டிசம்பரிலேயே எழுதியிருந்தார். அதை நான் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. பிப்ரவரியில் போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு வருட ஆராய்ச்சி வீண் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அண்ணி திருச்சியில் தன் வேலைக்கு நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு வந்து இருக்கிறார்.

ஏன் என்று கேட்டால், அவள் அழும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுதான் காரணம். தூக்கினேன், கொடுத்தேன், துடைத்தேன், எல்லாம் நேரத்துக்குச் செய்தேன். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் வந்து, எப்படி இருக்கிறது, உலகமே மாறிவிட்டதா என்று கேட்டார்கள். மாறிவிட்டது என்றேன். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல இருந்தது. ஒருநாள் அவள் இதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். அதனால் வந்துவிட்டேன்.

சட்டையில் இருந்தது வியர்வை இல்லை. எட்டு மணிக் குளிரில் யாருக்கு வியர்க்கும். அந்தக் குட்டி கத்தும்போதெல்லாம் எனக்குப் பால் சுரக்கிறது. கட்டிக் கட்டி வற்ற வைத்த பால். என் பெண் அழுதபோது எதுவும் தோன்றாத உடம்பு, ஒரு மந்திக் குட்டிக்கு நனைகிறது. இதை எந்த எழுத்தில் குறிப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 9

பா 0. தி 5. அ 1.

மார்ச் 13

குட்டி சாகவில்லை. நான் எதிர்பார்த்தது அதைத்தான். ஆறு மாதம்கூட ஆகவில்லை, பால் நின்று ஒரு மாதம் ஆகிவிட்டது. மற்ற குட்டிகளைவிடச் சின்னதாக இருக்கிறது, பிடரி சரியாக வளரவில்லை. ஆனால் கம்பளிப்பூச்சியை இலையில் தேய்த்து மயிரை உதிர்த்துவிட்டுத் தின்கிறது. அதன் வயதில் வேறு எந்தக் குட்டிக்கும் அது தெரியாது. அந்த இளம் மந்தி தின்னும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் வாயைப் பார்க்கிறது, விழுவதைப் பொறுக்குகிறது. மதியம் அதன் மடியில்தான் தூக்கம்.

அழுகை குறைந்துவிட்டது. சட்டையும் நனைவதில்லை.

சமாளித்துக்கொள்ளும் என்றேன் ஸ்டெல்லாக்காவிடம். ஆமாம் மேடம், எப்படியாவது சமாளிச்சுக்கும் என்றார். எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன்.

மார்ச் 16

வீடியோவில் பார்த்தேன். சிக்னல் எப்போதும் போதும், அதையும் எழுதிவிடுகிறேன். நித்திலா தவழ்கிறாள். கீழே இரண்டு பற்கள். கனகசபை திரையைக் காட்டி அம்மா பாரு, அம்மா பாரு என்றார். அவள் போனைப் பிடித்து வாயில் வைத்தாள். பிறகு அண்ணியின் குரல் கேட்ட பக்கம் போய்விட்டாள். போனில் கொஞ்ச நேரம் மின்விசிறி தெரிந்தது.

மார்ச் 20

மழை, நாலு தூறல். அட்டை இரண்டு கடித்தது.

மார்ச் 24

காலை 10.20. பலாமரம். கோணவால் தனியாக உட்கார்ந்திருந்தாள். புதிய ஆண் பக்கத்தில் இல்லை. குட்டி நான்கு மீட்டர் தள்ளி அந்த இளம் மந்தியோடு இருந்தது.

கோணவால் குட்டியைப் பார்த்து உதட்டைக் குவித்து மெல்லக் கூப்பிட்டாள். இந்த இரண்டு மாதத்தில் அவள் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. குட்டி தலையைத் தூக்கியது. அவள் கையை நீட்டினாள். மார்பு தெரியும்படி சாய்ந்து உட்கார்ந்தாள். அரை நிமிடம், ஒரு நிமிடம், ஒன்றரை. குட்டி பார்த்தது. பிறகு கையில் இருந்த காயைத் திருப்பித் திருப்பிக் கடிக்க ஆரம்பித்தது. போகவில்லை. கோணவால் கையை மடக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தன் காலிலேயே பேன் பார்த்தாள்.

கடிகாரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. நான் தி என்று எழுதினேன். ஆறு முறை தி.

பக்கத்தில் வந்து நின்ற ஸ்டெல்லாக்கா என் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார். "கிளம்புங்க மேடம். மிச்சத்த நான் எழுதிக்கறேன். ஊருக்குப் போங்க" என்றார்.

மார்ச் 25

பேராசிரியர் சரி என்றார். ஒரு வாரம் முன்னதாகப் போகிறேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மார்ச் 27

திண்டுக்கல். அண்ணி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நித்திலாவுக்குத் தலைமுடி நிறைய வளர்ந்திருக்கிறது. இரண்டு கையையும் நீட்டினேன். என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பி அண்ணியின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நெருங்கினேன், வீறிட்டு அழுதாள்.

அண்ணிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "வெளியாளுன்னு நினைச்சுட்டா தமயந்தி. ரெண்டு நாள் போகட்டும், சரியாயிடும்" என்றார். கனகசபை என் பெட்டியை எடுக்கக் குனிந்தார், வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

சாயங்காலம், ஜூன் வரை தள்ளிப்போடலாம் என்று பேராசிரியர் எழுதிய கடிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். பூவைப் பற்றியும் சொன்னேன். ஏன் என்று ஒருமுறை கேட்டார். இங்கே இருக்க முடியவில்லை என்றேன். அவர் எழுந்து போய்ப் பால் பாட்டிலைக் கொதிநீரில் போட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 28

மனிதரைக் கண்டு மிரளும் கூட்டத்தைப் பழக்க ஒரு வழி இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே உடையில் போக வேண்டும். கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது. கை நீட்டக் கூடாது. நமக்கு வேறு வேலை இருப்பது போல உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு அருகே வரலாம் என்பதை அவை முடிவு செய்யும். சில கூட்டத்துக்கு ஆறு மாதம், சில கூட்டத்துக்கு ஒரு வருடம்.

பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கினேன். நித்திலா நடுக்கூடத்தில். எங்களுக்கு நடுவே தரையில் ஒன்பது தளக்கல் தூரம்.

இரண்டு முறை என்னைப் பார்த்தாள்.

மார்ச் 29

அதே புடவை. ஏழு கல்.

மார்ச் 30

நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு அழுதாள். நான் மூன்று கல் தூரத்தில் இருந்தேன். அவள் என்னைத் தாண்டி, அழுதுகொண்டே தவழ்ந்து சமையலறைக்குப் போனாள். அண்ணி தூக்கியதும் நின்றுவிட்டது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அண்ணி கையிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவள் பிறந்த பிறகு எனக்கு ஏதாவது வேண்டும் போல இருந்தது இதுதான் முதல் முறை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு வந்து மிச்சக் காயை நறுக்கினேன்.

ஏப்ரல் 2

காலை பத்தே முக்கால். அண்ணி எதிர்ச்சுவரில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நித்திலா ஒரு துணிக்கவ்வியைத் துரத்திக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை. என் முழங்காலில் ஒரு கை வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முக்கி, எழுந்து நின்றாள். இதுவரை அவள் நின்றதில்லை.

நின்றதும் என்னைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்துத்தான் சிரித்தாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். பிடித்திருப்பது யாருடைய முழங்கால் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சுவரோ நாற்காலியோ இருந்திருந்தாலும் பிடித்து நின்றிருப்பாள்.

எனக்கு அது போதும். கையில் கத்தியும் காயுமாக, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, அவள் விழாமல் இருக்க முழங்காலை அசைக்காமல் வைத்திருந்தேன்.